வெள்ளிமலையின் வெளிச்சக் கணக்கு

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலையில் விடியற்காலையில் போயிருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கீழே கோமுகி அணைப் பக்கம் நன்றாக விடிந்திருக்கும். வளைவுகளுக்குள் நுழைந்ததும் மறுபடி இருட்டிக்கொள்ளும். ஒரு வளைவில் வெயில் முகத்தில் அடிக்கும், அடுத்த வளைவில் நிழல் வந்து மூடும். கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவுக்கு முன்னால் கள்ளக்குறிச்சிச் சமவெளிதான் கிடக்கிறது, மறைக்க வேறு மலை இல்லை. அதனால் காலை வெயில் தடையில்லாமல் வந்து விழும். மாலையில் சமவெளி இன்னும் பளிச்சென்று இருக்கும்போதே அதே சரிவு நிழலுக்குள் போய்விடும். மேலே ஏறி வெள்ளிமலை ஊருக்குள் நுழைவதற்குள் கேமரா வைத்திருக்கிறவர் நான்கைந்து விதமான வெளிச்சத்தைக் கடந்து வந்திருப்பார்.

இன்று அது ஒரு பொருட்டே இல்லை. ஃபிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில் அதுதான் முழுப் பிரச்சினை.

கேமராவுக்குள் ரோலை மாட்டுகிறபோதே அன்றைக்குப் பாதி முடிவு எடுத்தாகிவிடும். ரோலின் மேல் 100 என்று போட்டிருந்தால் 36 படமும் 100தான். அன்று அதை ஏஎஸ்ஏ என்றோம், இன்று அதே எண்ணை ஐஎஸ்ஓ என்கிறோம். எண் சிறியதாக இருந்தால் படம் நுணுக்கமாக விழும், ஆனால் வெளிச்சம் நிறையக் கேட்கும். எண் பெரியதாக இருந்தால் மங்கலிலும் எடுக்கலாம், ஆனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிரெயின் வரும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நல்ல வெயிலில், 100 ஃபிலிமில், லென்ஸை எஃப் 5.6இல் திறந்து வைத்தால் ஷட்டர் 1/1000 நொடிக்குப் போகும். பறக்கிற பறவையைக்கூட நிறுத்திவிடலாம். அதே பறவை மரநிழலுக்கு வந்தால் 1/125. மழைக்காலத்தில் இலை அடர்ந்து நிற்கிற மரக்கூட்டத்துக்குள் போய்விட்டால் 1/15. கையில் பிடித்து எடுப்பதற்கு அன்று எல்லோரும் வைத்திருந்த விதி, ஷட்டர் வேகம் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணுக்குக் குறையக்கூடாது என்பது. 300 மி.மீ. லென்ஸ் என்றால் குறைந்தது 1/300. அப்படியிருக்க 1/15இல் என்ன செய்வது? டிரைபாட் போட்டால் கை ஷேக் போகும். பறவை தலையைத் திருப்பினால் டிரைபாட் உதவாது.

அதற்காக அன்றைய ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருந்த உபாயங்களைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கழுத்தில் இரண்டு கேமரா தொங்கும், ஒன்றில் 100, மற்றதில் 400. ஒரே கேமரா வைத்திருந்தவர், பாதி ஓடிய ரோலை நுனி உள்ளே போய்விடாதபடி காதில் வைத்துக் கேட்டுக்கேட்டுச் சுற்றுவார். வெளியே எடுத்து ‘14’ என்று அதன்மேல் எழுதிப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு வெயில் வந்தால் அதையே திரும்ப மாட்டி, லென்ஸை மூடிக்கொண்டு பதினைந்து முறை வெறுமனே அழுத்தி, விட்ட இடத்துக்கு வந்து சேர்வார். 400 ஃபிலிமை 1600 என்று பாவித்து எடுத்து, டெவலப் செய்கிறவரிடம் ‘புஷ்’ பண்ணச் சொல்வதும் உண்டு. ஆனால் அது முழு ரோலுக்கும்தான், நிழலில் எடுத்த நான்கு படத்துக்கு மட்டும் என்று சொல்ல முடியாது.

வண்ண ஸ்லைடு இன்னும் கறாரானது. 1990இல் வந்த ஃபூஜி வெல்வியா பச்சையையும் சிவப்பையும் காட்டுகிற விதத்துக்காகவே இயற்கைப் படக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதன் வேகமோ வெறும் 50. வெளிச்சம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ மாறுகிற ஒரு படியை ஸ்டாப் என்பார்கள்; அதில் அரை ஸ்டாப் தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஓவரானால் வெளுத்துப்போகும், அண்டரானால் நிழல் முழுக்கக் கறுப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே காட்சியைக் கூட்டியும் குறைத்தும் மூன்று முறை எடுப்பார்கள். 36 படமுள்ள ரோலில் 12 காட்சிதான் மிஞ்சும். அது சரியாக வந்ததா என்று தெரிய ஊருக்குத் திரும்பி, லேபில் கொடுத்து, காத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தின் பெரிய தமிழ்ப்பெயர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய ஆய்வை 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக வெளியிட்டது. கேமராவின் பாகங்களைத் தானே பொருத்திச் செய்துகொண்ட தன் கனத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். வண்ணம் வந்து ஊரெல்லாம் பரவிய பிறகும் கறுப்பு-வெள்ளையை விடவில்லை. கறுப்பு-வெள்ளை நெகட்டிவுக்கு ஒரு தாராளம் உண்டு. ஒரு ஸ்டாப் கூடினாலும் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். காட்டுக்குள் வெளிச்சத்தை ஊகித்தே எடுக்க வேண்டிய ஒருவருக்கு அந்தத் தாராளம் எவ்வளவு பெரிய துணை என்பதை ஸ்லைடு போட்டுப் பார்த்தவர்கள் உணர்வார்கள். விலங்கை மட்டும் பெரிதாக வெட்டிக் காட்டாமல் அது நிற்கிற புதரையும் புல்லையும் சேர்த்துக் காட்டியவர் அவர். இன்றைக்கும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவருடைய யானைப் படங்களைத்தான்.

அந்தக் காலத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். அவற்றில் பெரும்பாலானவை வெயிலுக்கு வந்த விலங்குகளின் படங்கள். நீர்நிலைக் கரையில் யானை, புல்வெளியில் காட்டெருமை, மொட்டைக் கிளையில் கழுகு. பறவைகள் என்றால் கூட்டுப் படங்கள். பறவை எங்கே வந்து உட்காரும் என்பது கூட்டில்தான் முன்கூட்டியே தெரியும். மறைப்புக் கட்டி உட்கார்ந்து, தூரத்தையும் வெளிச்சத்தையும் முதலிலேயே கணக்குப் போட்டுத் தயாராக இருக்கலாம். சிங்கப்பூர்த் திரையரங்கு அதிபர் லோக் வான் தோ, பறவையியலாளர் சாலிம் அலியோடு சேர்ந்து நம் நாட்டுப் பறவைகளைத் தேடி அலைந்தவர். அவரும் உயரமான கோபுர மறைப்புகள் கட்டிக் கூடுகளைப் படம் பிடித்தார். அன்றைய கருவியின் வேகத்துக்கு அதுதான் வழி. ஆக, எந்த உயிர் ஆல்பத்துக்குள் வரும், எது வராது என்பதை அழகோ அபூர்வமோ தீர்மானிக்கவில்லை, ஃபிலிமின் வேகம் தீர்மானித்தது. நிழலிலேயே பிறந்து நிழலிலேயே இரை தேடி வாழ்கிற சின்ன உயிர்களுக்கு அந்த ஆல்பத்தில் இடமில்லை.

கல்வராயன் மலை அப்படி விடுபட்ட இடம். இங்கே முதுமலைபோல யானைக்கூட்டம் நிற்கிற புல்வெளி கிடையாது, ஜீப் சவாரி கிடையாது. சாமையும் மரவள்ளியும் விளைகிற மேட்டுநிலம், நடுவில் கடுக்காய் மரங்கள், ஓடைக்கரைப் புதர், பாறை. காட்டுக்கோழி சாலையைக் கடக்கும், ஆனால் புதரை விட்டு வெளியே வருகிற நேரம் விடிந்தும் விடியாத பொழுது. இந்த மலைக்கு அன்று ஃபிலிம் செலவழித்து வந்தவர்கள் குறைவு. வந்தவர்களும் அருவியைத்தான் எடுத்தார்கள்.

வெள்ளிமலைப் பக்கத்துப் பெரியார் அருவியில் ஒரு வாலாட்டிக் குருவியை வைத்தே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரத்தைக் காட்டிவிடலாம். நம் ஊர் ஓடைகளில் ஆண்டு முழுக்க இருக்கிற, வெண்புருவம் கொண்ட, பெரிய வாலாட்டி. தலையும் முதுகும் கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேல் மை தீட்டினாற்போல ஒரு வெள்ளைக் கோடு. நனைந்த கரும்பாறையில் உட்கார்ந்து வாலை ஆட்டும். அடுத்த நொடி வெயில் விழும் பாறைக்குத் தாவும். பிறகு பாறையிடுக்கு நிழலுக்குள் ஓடும்.

அன்றைய ஆள் என்ன செய்வார்? பறவையிடம் ஒளிமீட்டரைக் காட்ட முடியாது. மீட்டருக்கு, பறவைக்குப் பின்னாலிருக்கிற அருவியின் வெண்ணுரைதான் தெரியும், அது குறைத்துக் காட்டிவிடும். ஆகவே பறவை நிற்கிற அதே வெயிலில் தன் உள்ளங்கையை நீட்டி, அதிலிருந்து மீட்டர் பார்ப்பார். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு, அதனால் காட்டியதைவிட ஒரு ஸ்டாப் திறந்துகொள்வார். எஃப் 5.6, 1/1000. பறவை நிழலுக்குள் போனால் மூன்று ஸ்டாப் குறையும் என்பது மனப்பாடம். கையால் ஷட்டரை 1/125க்குத் திருப்ப வேண்டும். அதைத் திருப்புகிற நேரம் குருவி வெயிலுக்கு வந்துவிடும். இடையில் ஃபோகஸையும் கையால் சுற்ற வேண்டும். மினோல்டா 7000 போன்ற ஆட்டோஃபோகஸ் கேமரா 1985இல்தான் வந்தது. அது நம் பக்கம் கைக்கு எட்டிய விலைக்கு வர இன்னும் பல வருஷம்.

இன்று அதே பாறைக்கு எதிரே வெள்ளிமலைக்காரத் தம்பி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிரர்லெஸ் கேமரா, சாதாரண ஜூம் லென்ஸ். மேனுவலில் எஃப் 5.6, 1/1000 என்று நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டிருக்கிறார், 6400க்கு மேல் போகாதபடி ஒரு எல்லை வைத்து. குருவி வெயிலில் நின்றால் ஐஎஸ்ஓ 100 என்று காட்டுகிறது. நிழலுக்குப் போனால் 800. இடுக்குக்குள் புகுந்தால் 6400. எண்தான் ஏறி இறங்குகிறதே தவிர, அவர் விரல் எதையும் தொடவில்லை. ஃபோகஸ் குருவியின் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு போகிறது.

“புருவம் மின்னுது பாருங்கண்ணா” என்று கேமராவை என் பக்கம் திருப்பினார். திரையில் அந்த வெள்ளைக் கோடும் வயிறும் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி மினுக்கின. வெளுத்து எரிந்துவிட்டது என்ற எச்சரிக்கை அது. கட்டைவிரலால் ஒரு சக்கரத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தார். மினுக்கல் நின்றது. தலை இப்போது கரியாகக் கிடந்தது.

“கறுப்பை வீட்டுக்குப் போய்த் தூக்கிக்கலாம். வெள்ளை போச்சுன்னா போச்சுதான்.”

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்துக்கொள்கிற ‘ரா’ கோப்பாக எடுக்கிறவர் எல்லோருக்கும் இது பாடம். நெகட்டிவ் ஃபிலிமில் நேர் எதிர். அங்கே நிழலில் போதிய வெளிச்சம் விழவில்லை என்றால் மீட்க ஒன்றும் இல்லை, வெள்ளை கொஞ்சம் கூடினால் தாங்கும். ஃபிலிமில் பழகிய பெரியவர்கள் டிஜிட்டலுக்கு வந்த புதிதில் கொக்குகளை எல்லாம் வெளுக்கவிட்டது இந்தப் பழக்கத்தால்தான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1999இல் வந்த நிக்கான் டி1 ஐஎஸ்ஓ 1600 வரைக்கும்தான் போகும், அதிலும் படம் சொறிபிடித்து வரும். 2007இல் டி3 வந்தபோதுதான் 6400இல் எடுத்ததை அச்சில் போடலாம் என்ற நிலை பிறந்தது. என் கணக்கில் காட்டுயிர்ப் படத்தின் அன்றையும் இன்றையும் பிரிக்கிற கோடு அந்த வருஷம். ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு வந்ததைவிட, நிழலுக்குள் 1/1000 கிடைத்ததுதான் பெரிது. 2019 வாக்கில் விலங்கின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கிற ஃபோகஸ் சோனியில் வந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் முதல் ‘டக்’ கேட்டதுமே காட்டுக்கோழி காணாமல் போகும். இன்று அதற்கு நாம் எடுத்ததே தெரியாது. ஒரு குறை உண்டு: சில கேமராக்களில் அந்த ஷட்டர் வேகமாக அடிக்கிற இறக்கையை வளைத்துக் காட்டும். தேன்சிட்டு எடுக்கும்போது பழைய ஷட்டருக்கே மாறிக்கொள்வது நல்லது.

ஒன்று மட்டும் மாறவே இல்லை. மீட்டருக்கு உலகம் அன்றும் நடுத்தரச் சாம்பல், இன்றும் பெரும்பாலும் சாம்பல்தான். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு சாம்பல். எதைக் காட்டினாலும் அதை அந்தச் சாம்பலாக்கப் பார்க்கும். மின்கம்பியில் உட்கார்ந்த கரிச்சானை வானத்தோடு சேர்த்து எடுத்தால், வானத்தைச் சாம்பலாக்கும் முயற்சியில் குருவியை நிழலுருவமாக்கிவிடும், ஒன்றரை ஸ்டாப்பாவது கூட்ட வேண்டும். அதே கரிச்சான் அடர்ந்த மரத்துக்கு முன்னால் வந்தால், மீட்டர் இருட்டைப் பார்த்துக் கூட்டிக் கொடுக்கும், கரிச்சான் வெளிறிப் பழுப்பாகும். அங்கே குறைக்க வேண்டும். மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கிற ஒற்றைக் கொக்குக்கும் குறைக்க வேண்டும். கொக்கு படம் முழுக்க நிறைந்தால் கூட்ட வேண்டும். மார்கழியில் வெள்ளிமலையில் மூடுபனி இறங்கும்போது ஒரு ஸ்டாப் கூட்டாவிட்டால் பனி அழுக்கு நிறத்தில் வரும். இன்றைய கேமரா இதையெல்லாம் எடுப்பதற்கு முன்பே கண்ணுக்குள் காட்டிவிடுகிறது, அதுதான் வித்தியாசம். கூட்டுவதா குறைப்பதா என்று சொல்ல இன்னமும் ஆள் வேண்டும்.

நிறமும் அப்படித்தான். இலைகளின் ஊடே வருகிற வெளிச்சத்தில் பச்சை ஏறியிருக்கும், பாறை நிழலில் நீலம். பகல் வெயிலுக்கென்று செய்த ஃபிலிம் அதை அப்படியே காட்டும், லென்ஸின் முன்னால் கண்ணாடி மாட்டித்தான் சரிசெய்ய முடியும். ‘ரா’ கோப்பாக எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். ஆனால் முழுக்கச் சரிசெய்யக் கூடாது என்பது என் எண்ணம். காட்டுக்கோழியின் கழுத்தில் விழுந்த அந்தப் பச்சை, அது நின்ற இடத்தின் நிறம். அதைக் கழுவிவிட்டால் பண்ணைக்கோழிபோல ஆகிவிடும்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி 1920களில் வட இந்தியக் காடுகளில் புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, புலி அதைத் தட்டியதும் வெளிச்சம் வெடித்துக் கேமரா தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927இல் அந்தப் படங்கள் நூலாக வந்தன. வேட்டைக்காரர்கள் நடுவே துப்பாக்கியை விட்டுக் கேமராவை எடுத்தவர் என்ற மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு. அந்தக் கம்பியின் இடத்தில் இன்று வெப்பத்தை உணரும் சென்சார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியிலேயே எடுக்கிற கருவிகளும் வந்துவிட்டன. புலிக் கணக்கெடுப்பே கேமராப் பொறிகளால்தான் நடக்கிறது. அன்று ஃபிளாஷ் இல்லாமல் இரவில் ஒரு படமும் கிடையாது. இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. 6400உம் 12800உம் கையில் இருக்கும்போது, சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிற பக்கிக்குருவியின் முகத்தில் டார்ச்சை அடித்து, ஃபிளாஷையும் போட்டு எடுக்கிறவர்களுக்குச் சொல்ல எந்தச் சாக்கும் இல்லை. இருட்டுக்கென்றே விரிந்த கண் அது. கூட்டுப் படத்துக்கும் இதே வார்த்தை. அன்று கருவி மெதுவானது என்பதால் கூட்டுக்குப் போனார்கள். இன்று கூட்டிலிருந்து எழுபது அடி தள்ளி நின்று, இரை தேடுகிற பறவையை எடுக்கலாம். பறவை ஆர்வலர் குழுக்கள் கூட்டுப் படங்களை ஒதுக்குவது முழுக்க நியாயம்.

அருவிக்கரைத் தம்பி எடுத்த மற்ற படங்களையும் பார்த்தேன். வால்காக்கை, ஈப்பிடிப்பான், மூங்கில் புதருக்குள் காட்டுக்கோழிப் பேடு, ஓடைக்கரை வேர்களுக்கு நடுவே ஒரு ஓணான். அபூர்வம் ஒன்றும் இல்லை. எல்லாம் நிழலில் எடுத்தவை, பலவற்றில் ஐஎஸ்ஓ 3200க்கு மேல். ஃபிலிம் காலத்தில் இந்தப் படங்களில் ஒன்றுகூட இருந்திருக்காது. 2015இலிருந்து நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இந்த மலையிலிருந்து யாராவது பட்டியல் போட்டால் அதோடு படமும் சேர்கிறது. எங்கிருந்தோ வந்து ஒரு நாள் எடுத்துப் போகிறவரால் இப்படித் தொடர்ந்து பதிவு செய்ய முடியாது. மழைக்காலத்து இருட்டிலும் கோடையின் மொட்டை வெயிலிலும் அதே ஓடைக்கரைக்கு நடந்து போகக்கூடியவர் அங்கேயே இருக்கிறவர்தான்.

புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் வருகிற புள்ளி இரைச்சலைத் துடைக்க இப்போது செயற்கை அறிவு மென்பொருள் உண்டு. 2023இல் அடோபியின் லைட்ரூமிலேயே அது வந்துவிட்டது. அழகாகத்தான் துடைக்கிறது. கைமிஞ்சிப் போனால், தெரியாத இடத்தில் இறகு எப்படி இருக்கலாம் என்று ஊகித்து வரைந்தும் வைத்துவிடுகிறது. சுவரில் மாட்டுகிற படத்துக்கு அது போதும். இந்தப் பறவை இந்த மலையில் இருந்தது என்பதற்குச் சாட்சியாக வைக்கிற படத்துக்குப் போதாது. இறகின் வரியை வைத்துத்தான் ஒரு கதிர்க்குருவியை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறோம். ஆகவே துடைத்த பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டு, மூல ரா கோப்பைத் தொடாமல் காப்பாற்ற வேண்டும். கிருஷ்ணன் இறந்து பத்து ஆண்டு கழித்து அவருடைய படங்களைத் தொகுத்துப் பெரிய நூலாகக் கொண்டுவர முடிந்தது, படங்கள் பத்திரமாக இருந்ததால்தான். ஹார்ட் டிஸ்க் அவ்வளவு நாள் தாங்காது. இரண்டு இடத்தில் பிரதி வேண்டும்.

அன்று ஒவ்வொருவர் பையிலும் ஒரு நோட்டு இருக்கும்: ரோல் எண், படம் எண், அபெர்ச்சர், ஷட்டர், எந்த ஓடை. இன்று கேமராவே தேதி, நேரம், வேகம், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் படத்துக்குள் எழுதிவிடுகிறது. எந்த ஓடை என்பதைத்தான் பெரும்பாலும் எழுதுவதில்லை. தம்பியிடம் அதைச் சொன்னேன். பட்டியலில் ‘கல்வராயன்’ என்று மட்டும் போட்டு வந்தவர், இப்போது தங்கள் ஊரார் அந்தந்தப் பாறைக்கும் ஓடைக்கும் சொல்கிற பெயரையே கோப்பின் பெயராக வைக்கத் தொடங்கியிருக்கிறார்.